வேறு ஒருவரின் வழக்கு என் பின்னணிச் சரிபார்ப்பில் வந்தபோது

வேலைக்கு எடுக்கும் முன் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் பெயருக்கு எதிரே யாரோ ஒருவருடைய வழக்கு வந்து உட்கார்ந்திருக்கிறதா? அப்படியென்றால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "என் மேல் எந்த கேஸும் கிடையாது, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று எச்.ஆருக்கு நீளமாக எழுதிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். வழக்கு இருப்பவரும் அதையேதான் எழுதுவார், படிக்கிறவருக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. நீங்கள் காட்ட வேண்டியது அந்தப் பதிவில் இருக்கும் ஆள் வேறு, நீங்கள் வேறு என்பதை மட்டும்தான். கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் இதற்கு வேண்டிய காகிதம் வேறு, பேச வேண்டிய ஆள் வேறு, போய் நிற்க வேண்டிய அலுவலகமும் வேறு.

எனக்கு நடந்தது இது. நேர்காணல் முடிந்து, சம்பளம் பேசி, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, சேரும் தேதியும் குறித்தாகிவிட்டது. நடுவில் எச்.ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: உங்கள் சரிபார்ப்பில் ஒரு முரண்பாடு காணப்பட்டுள்ளது, விளக்கம் அளிக்கவும். என்ன முரண்பாடு என்று ஒரு வார்த்தை இல்லை, விளக்கம் மட்டும் வேண்டும். பழைய கம்பெனியின் ரிலீவிங் தேதியில் ஏதாவது குழப்பமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போன் செய்தேன்.

"ரிப்போர்ட் ரெட்ல வந்திருக்கு சார். கிரிமினல் செக்ல ஒரு கேஸ் காட்டுது."

எந்த கோர்ட், என்ன கேஸ், எந்த வருஷம் என்று கேட்டேன்.

"அந்த விவரமெல்லாம் எங்க பக்கம் வராது சார், சம்மரி மட்டும்தான் வரும். நீங்க அந்த கேஸ் முடிஞ்ச ஆர்டர் காப்பி இருந்தா அனுப்புங்க, மேனேஜ்மென்ட்கிட்ட பேசிப் பாக்கறோம்."

அவர் உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்னுடையது அல்லாத வழக்கில் எனக்கு யார் விடுதலை உத்தரவு தருவார்கள்? குற்றம் செய்து விடுதலையானவருக்குக்கூட ஒரு காகிதம் இருக்கும். சம்பந்தமே இல்லாதவருக்கு எந்தக் காகிதமும் இருக்காது. வாயில் வரும் மறுப்பு ஒன்றுதான் இருக்கும், அதற்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்ன வார்த்தைதான் வழி திறந்தது. "நீ எதுக்கு உன்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க? அந்த ஆளைப் பத்திப் பேசு. அவன் யாரு, அவனுக்கு என்ன வயசு, அப்பா பேரு என்ன, எங்க இருக்கான், அதைக் கண்டுபிடி." அதற்கு அறிக்கையின் முழுப் பிரதி வேண்டும். சம்மரி போதாது. எச்.ஆருக்கும், சரிபார்ப்பு செய்த நிறுவனத்துக்கும், இருவருக்குமே எழுத்தில் கேட்டேன். போனில் கேட்டால் "பாக்கறோம் சார்" என்பதோடு போய்விடும், மின்னஞ்சலில் கேட்டால் அது தேதியோடு நிற்கும்.

அறிக்கை கொஞ்சம் இழுத்தடித்து வந்தது. திறந்து பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், மோசடிப் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் பெயர். பெயர் என்னுடையதேதான், இனிஷியல் மட்டும் அங்கே இல்லை. தந்தை பெயர் என்ற இடத்தில் "கிடைக்கவில்லை". வழக்குப் பதிவான ஆண்டில் அவருக்கு எழுதியிருந்த வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குக் கிட்டத்தட்ட பொருந்துகிறது, சரியாகப் பொருந்தவில்லை. முகவரி நான் கால் வைத்தே இராத ஊர். அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: பொருந்திய அடையாளங்கள், பெயர் மற்றும் உத்தேச வயது. அதாவது அது நான்தான் என்று அவர்களே உறுதியாகச் சொல்லவில்லை. சின்ன எழுத்தில் சந்தேகம், பெரிய எழுத்தில் சிவப்பு நிறம். எச்.ஆர். கண்ணுக்குப் போனது நிறம் மட்டும்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் எதிர்த்து எழுதும்போது எங்கே கை வைப்பது என்று தெரியும். நீதிமன்றப் பதிவேடுகள் வழக்கை நடத்துவதற்காக உருவானவை. பிற்காலத்தில் ஒரு கம்பெனி அதைத் திறந்து இந்த ஆள் அந்த ஆளா என்று பார்க்கும் என்று நினைத்து யாரும் அவற்றை எழுதவில்லை. பெரும்பாலான நேரம் பெயர், வயது, ஒரு முகவரி, அவ்வளவுதான் இருக்கும். பல நாடுகளில் தனியுரிமையை முன்னிட்டு, பொதுவில் தேடக்கூடிய பதிவுகளில் பிறந்த தேதியை மறைத்துவிடுகிறார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் பெயரொத்த இருவரைப் பிரித்துக் காட்டக்கூடிய முக்கியமான தகவலும் அதனால் போய்விடுகிறது. இந்தப் பதிவுகளைச் சரிபார்ப்பு நிறுவனங்கள் மொத்தமாகச் சேகரித்து வைத்துக்கொள்கின்றன, உங்கள் பெயரைப் போட்டதும் மென்பொருள் ஒத்த பெயர்களை அள்ளிக் கொடுக்கிறது.

"ஒத்த பெயர்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எழுத்துப்பிழையால் யாரும் தப்பிவிடக் கூடாதே என்று மென்பொருள் வேண்டுமென்றே தளர்வாகத் தேடும். ஒலியை வைத்துப் பெயர்களை ஒன்று சேர்க்கும் சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்றது, இன்றைக்கும் பல தரவுத்தளங்களில் தயாராகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் மெய்யொலிகளில் மூன்றை மட்டும் எண்ணாக மாற்றும். மூன்று கிடைத்ததும் நின்றுவிடும். இப்போது செந்தில் என்ற பெயரைப் போட்டுப் பாருங்கள்: எஸ்534 வரும். செந்தில்குமாருக்கும் எஸ்534. செந்தில்நாதன், செந்தில்வேலன் எல்லோருக்கும் அதேதான். சாந்தலா என்ற பெண்ணின் பெயருக்கும் அதேதான்! நம் பெயர்கள் நீளமானவை, முதல் பாதியோடு நிறுத்திவிட்டால் ஒரு கூட்டமே ஒரே ஆளாகிவிடும். எல்லாரும் சவுண்டெக்ஸையே பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லவில்லை, புதிய முறைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் தளர்வாகத் தேடு, பிறகு மனிதர் பார்த்துக் கழிக்கட்டும் என்ற யோசனை அப்படியே இருக்கிறது. அந்த மனிதர் பார்க்காமல் விட்டால் என் கதைதான்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாதவர்களிடம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொன்னால் ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டாக உடைத்துப் போடுவார். ஒரே ஆள் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் கல்லூரிச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருப்பார். இதனால் உங்களுடைய உண்மையான பதிவு "அப்படி ஒருவர் எங்களிடம் படிக்கவே இல்லை" என்று காணாமல் போவதும் உண்டு, அடுத்தவருடைய பதிவு உங்கள் தலையில் விழுவதும் உண்டு.

"பெயரும் பிறந்த வருஷமும் ஒத்துப்போகுதே சார்" என்று சொன்னார்கள். இதற்குக் கணக்காகவே பதில் சொல்லலாம், நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு பெயரை 10,000 பேர் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய மக்கள்தொகையில் இது பெரிய எண்ணே இல்லை. அவர்கள் அறுபது வயது வீச்சில் பரவியிருந்தால் ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் சுமார் 167 பேர் வருவார்கள். அதாவது பெயரும் ஆண்டும் பொருந்தியதால் அது நான் என்றால், அதே ஆதாரத்தால் இன்னும் நூற்று அறுபது சொச்சம் பேரும்தான். முழுப் பிறந்த தேதியும் பொருந்தினால் நிலைமை மாறும். அப்போதும் சந்தேகம் முழுசாகத் தீராது, ஏனென்றால் பத்தாயிரம் பேரை அறுபது ஆண்டின் நாட்களில் பரப்பினால் உங்கள் பெயரிலேயே உங்கள் தேதியிலேயே இன்னொருவர் இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேலே போய்விடும். சரியான பிறந்த தேதி தெரியாததால் ஆவணங்களில் ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் நிலை இன்னும் மோசம்.

சரி, நான் என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

வழக்கு எண் கையில் இருந்ததால் அந்த நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் மூலமாக விண்ணப்பித்து, குற்றம் சாட்டப்பட்டவரின் விவரம் இருக்கும் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கினேன். முழுக் கட்டும் தேவையில்லை. அந்த ஒரு பக்கத்தில் சரிபார்ப்பு நிறுவனம் "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்த தந்தை பெயர் அழகாக அச்சில் இருந்தது. வயதும் இருந்தது, தொழிலும் இருந்தது. அதாவது கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுதியதற்கு அர்த்தம், இணையத்தில் மேலோட்டமாகத் தெரியும் பக்கத்தில் இல்லை என்பதுதான். யாரும் நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டைத் திறந்து பார்க்கவில்லை.

பிறகு ஒரு பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் வழக்கில் உள்ளவர், வலது பக்கம் நான். பெயர் எழுதப்பட்ட விதம், தந்தை பெயர், வயது, முகவரி, தொழில், அந்தத் தேதியில் எங்கே இருந்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த ஆவணத்தில் பார்க்கலாம் என்று இணைப்பு எண். கடிதம் மொத்தம் நாலைந்து வரிதான்: இந்த வழக்கு எண்ணில் உள்ள நபர் நான் அல்ல, பொருந்தாத விவரங்கள் இணைப்பில் உள்ளன, அறிக்கையிலிருந்து இதை நீக்கித் திருத்திய அறிக்கையை எனக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பவும், நீக்க மறுத்தால் எந்தெந்த அடையாளங்கள் பொருந்தியதால் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். கோபம் ஒரு சொட்டுகூட இல்லை. மனதில் நிறைய இருந்தது, ஆனால் கோபத்தைப் படித்து யாரும் ஒரு கட்டத்தைக்கூட மாற்றப்போவதில்லை.

அந்தக் கடைசிக் கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். எவை பொருந்தின என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால், "பெயர் மட்டும்தான்" என்று தங்கள் கையாலேயே எழுத யாருக்கும் மனம் வராது. முதலில் "எங்கள் தரவு பொதுப் பதிவுகளிலிருந்து பெறப்பட்டது" என்று அச்சடித்த பதில் வந்தது. அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்று அதே கேள்வியை மறுபடி அனுப்பினேன். அப்புறம் திருத்திய அறிக்கை வந்தது, பச்சையில். மன்னிப்பெல்லாம் இல்லை.

இணைக்கும் ஆவணங்களில் ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில், கையில் இருக்கும் எல்லா அடையாள அட்டைகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து அனுப்பிவிடத் தோன்றும். வேண்டாம். பிரச்சினைக்குத் தேவையானது பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, அந்தக் காலத்து முகவரி. மற்ற எண்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே உங்கள் தகவலை இன்னொருவரோடு கலந்துவிட்ட இடத்துக்கு இன்னும் நிறையத் தகவல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்தால் வாங்கி வையுங்கள், உதவும். ஆனால் அதுவே முடிவு என்று நினைக்காதீர்கள். அந்தக் காவல்துறையின் பதிவில் உங்களுக்கு எதிராக ஒன்றும் இல்லை என்றுதான் அது சொல்லும், வேறொரு ஊர் நீதிமன்றத்தில் உள்ள குறிப்பிட்ட வழக்கில் இருப்பவர் நீங்கள் இல்லை என்று சொல்லாது. கைரேகை வைத்துச் செய்யும் சரிபார்ப்பு கிடைக்கும் இடங்களில் அதைக் கேளுங்கள். பிரிட்டனில் அரசு தரும் டிபிஎஸ் என்ற குற்றப் பதிவுச் சான்றிதழில் வேறொருவர் விவரம் வந்துவிட்டதாக நீங்கள் மறுத்தால், கைரேகை எடுத்து ஒப்பிட்டுத் தீர்க்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெயருக்குச் சண்டை போடுவதைவிட விரல் நல்ல சாட்சி.

சட்டம் எந்த அளவுக்குத் துணை வரும் என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1970-ல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வேலைக்கான பின்னணி அறிக்கைகளுக்கும் பொருந்தும். அறிக்கையைக் காரணம் காட்டி வேலையை மறுப்பதற்கு முன்பே நிறுவனம் உங்களுக்கு அந்த அறிக்கையின் நகலையும் உங்கள் உரிமைகளின் சுருக்கத்தையும் கொடுக்க வேண்டும். "முன்பே" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், மறுத்த பிறகு கொடுத்தால் போதாது. தவறு என்று நீங்கள் மறுப்புத் தெரிவித்தால், தயாரித்த நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் இலவசமாக விசாரித்து முடிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு, 30 நாள் வரை வேலையைக் காலியாக வைத்திரு என்று சட்டம் எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் மறுப்பு அனுப்பும் அதே நாளில், முடிவு வரும்வரை ஆஃபரை நிறுத்தி வையுங்கள் என்று எச்.ஆருக்குத் தனியாக எழுதுவது முக்கியம். ஐரோப்பாவில் 2018-லிருந்து நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகளில் நகல் கேட்கவும் திருத்தம் கேட்கவும் உரிமை இருக்கிறது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது 18-வது பிரிவு: தகவல் சரியா தவறா என்று விசாரணை நடக்கும் வரை அதைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தால் கேட்பார்கள். இந்தியாவில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தம் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது, நடைமுறைக்கு வருவதுதான் படிப்படியாக.

இதெல்லாம் யாரோ ஒரு துரதிருஷ்டசாலிக்கு எப்போதாவது நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2015-ல் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, வேலைக்கான பின்னணி அறிக்கை தயாரிக்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 1.05 கோடி டாலர், அதற்கு மேல் அபராதம் 25 லட்சம் டாலர். சொன்ன குறைகளில் ஒன்று, பொதுவான பெயர்களையும் செல்லப்பெயர்களையும் எப்படிக் கையாள்வது என்று எழுதிவைத்த நடைமுறையே இல்லை என்பது. அதே அமைப்பு 2021-ல் பெயரை மட்டும் வைத்து ஒருவரோடு பதிவைப் பொருத்துவது சட்டம் கேட்கும் துல்லியத்துக்குப் போதாது என்று கருத்துரையும் வெளியிட்டது, 2025-ல் அந்தக் கருத்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்று. வேலைக்கானது அல்ல, கார் வாங்கப் போன ஒருவரின் கடன் அறிக்கை. பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துவோர் இருக்கும் அரசுப் பட்டியலோடு அவர் பெயர் பொருந்தக்கூடும் என்று அறிக்கை சொல்ல, விற்பனையாளர் அவர் பெயரில் காரை விற்க மறுத்தார். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள், பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. அவரோடு சேர்ந்து பாதிக்கப்பட்டவர்கள் 8,185 பேர். ஆனால் அறிக்கை மூன்றாம் நபருக்குப் போய்ச் சேர்ந்த 1,853 பேருக்கு மட்டும்தான் அந்தத் தவறுக்காக நஷ்டஈடு கேட்கும் தகுதி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, மற்றவர்களுக்குக் கோப்பில் தப்பு இருந்தது, வெளியே போகவில்லை. இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தவறான அறிக்கை இன்ன தேதியில் இன்ன கம்பெனிக்குப் போனது, அதனால்தான் ஆஃபர் நின்றது என்பதற்கான மின்னஞ்சல்களைப் பத்திரமாக வையுங்கள். வழக்குப் போடுவீர்களோ மாட்டீர்களோ, அது இல்லாமல் பேச்சே இல்லை.

பெயரொத்தவரின் வழக்கு வருவது இதில் எளிதான வகை என்றுதான் சொல்வேன். இன்னொரு வகையில் இரண்டு பேருடைய கோப்பே ஒன்றாகக் கலந்துபோயிருக்கும்: அவருடைய பழைய முகவரி உங்களுடையது என்று இருக்கும், அவர் வேலை செய்த கம்பெனி உங்கள் கணக்கில் இருக்கும், நீங்கள் மறைத்ததாகக் கேட்பார்கள். அப்போது ஒரு வரியை நீக்கச் சொல்லிப் பயனில்லை, மொத்தக் கோப்பையும் கேட்டு வாங்கி எது எது உங்களுடையது இல்லை என்று வரிவரியாகக் குறிக்க வேண்டும். மூன்றாவது வகைதான் கொடுமை. யாரோ ஒருவர் பிடிபட்டபோது உங்கள் பெயரையும் உங்கள் விவரத்தையும் தன்னுடையது என்று சொல்லியிருப்பார். அங்கே தந்தை பெயரிலிருந்து பிறந்த தேதி வரை எல்லாம் உங்களோடு பொருந்தும், என் அட்டவணை அங்கே எடுபடாது. அதற்குக் காவல் நிலையத்தில் ஆள்மாறாட்டப் புகார் கொடுத்து, கைது நேரத்துப் புகைப்படம், கைரேகை, கையெழுத்து இவற்றோடு ஒப்பிடச் சொல்லி, நீதிமன்றப் பதிவையே திருத்தியாக வேண்டும். வக்கீல் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

எச்.ஆரில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு வந்தால் ஆளைக் கூப்பிட்டு அறிக்கையை அப்படியே காட்டுங்கள். "இது நீங்களா?" என்ற ஒரு கேள்வி, அதற்கு ஐந்து நிமிடம். நிறையப் பேருக்கு மின்னஞ்சல்கூட வருவதில்லை. "அந்தப் பொசிஷன் இப்போதைக்கு ஹோல்ட்ல இருக்கு" என்று ஒரு வரியோடு முடிந்துவிடும், காரணம் கடைசிவரை தெரியாது. அடுத்த கம்பெனியிலும் அதே வரி வரும். ஒருவருக்கு எல்லாம் சரியாகப் போய்க் கடைசி நிமிடத்தில் ஆஃபர்கள் தொடர்ந்து விழுகிறதென்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அவர் நேராக அந்தச் சரிபார்ப்பு நிறுவனத்திடமே என் பெயரில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பெயரொத்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகலில் வழக்கின் நிலை பார்த்தேன்: விசாரணை நிலுவையில். அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. நான் "அந்த மோசடிக்காரன் நான் இல்லை" என்று ஒரு வரைவில் எழுதியிருந்ததை வக்கீல் நண்பர் அடித்துவிட்டு "அந்த நபர்" என்று மாற்றினார். என் வாதத்துக்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, வேறு ஒருவராக இருந்தால் போதும்.

வேலை தேடத் தொடங்குகிறவர்களுக்கு: பழைய வேலையை ராஜினாமா செய்வதைச் சரிபார்ப்பு முடிந்து எழுத்தில் தகவல் வரும் வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். நோட்டீஸ் பீரியட் நீளம், அவர்கள் அவசரப்படுத்துவார்கள், தெரியும். அப்படியானால் "சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துத் தாருங்கள்" என்றாவது கேளுங்கள், பல இடங்களில் செய்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் தந்தை பெயர், வேறு பெயர்கள் என்ற கட்டங்களைக் காலியாக விடாதீர்கள். தகவல் குறையக் குறைய மென்பொருள் உங்களோடு சேர்த்துவைக்கும் கூட்டம் பெரிதாகும். எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி பெயரை எழுதுங்கள், இனிஷியலை விரித்து. உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். நீதிமன்றப் பதிவுகளைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்கும் வசதி பல நாடுகளில் உண்டு, இந்தியாவில் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கில் உள்ளவரின் பெயரையும் ஆண்டையும் கொடுத்து நீதிமன்றம் வாரியாகத் தேடலாம். உங்கள் பெயரில் எத்தனை பேர் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். யாராவது உங்கள் வயதில் இருந்தால் அந்த வழக்கு எண்ணைக் குறித்து வையுங்கள்.

திருத்திய அறிக்கை வந்ததும் வேலை முடிந்தது என்று கோப்பை மூடாதீர்கள். திருத்தியது ஒரு நிறுவனத்தின் அறிக்கையை மட்டும்தான். நீதிமன்றப் பதிவு அங்கேயே இருக்கிறது, அதில் தவறும் இல்லை, அந்த நபரின் வழக்கு அது. நாளைக்கு வேறு சரிபார்ப்பு நிறுவனம் அதே பெயரைப் போட்டுத் தேடினால் அதே வழக்கு மறுபடி மேலே வரும். அதனால் தவறான அறிக்கை முன்பு யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கெல்லாம் திருத்தியதை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சான்றிட்ட நகல், அட்டவணை, திருத்திய அறிக்கை, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த வேலை மாற்றத்தின்போது ஒப்புதல் படிவத்தோடு சேர்த்து அந்தக் கோப்பையும் முதல் நாளே அனுப்பிவிட்டேன், "இந்த வழக்கு எண் என் பெயரில் வரக்கூடும், அது நான் இல்லை" என்று இரண்டு வரி எழுதி. அந்த எச்.ஆர். இதுவரை யாரும் இப்படி அனுப்பியதில்லை என்று சிரித்தார். தேடலில் அந்த வழக்கு வரத்தான் செய்தது, பொருந்தவில்லை என்று அவர்களே குறித்துக் கழித்துவிட்டார்கள்.